யார் பெயரிலும் இல்லாத எண்

அந்த லிஃப்ட் கம்பெனி கிளவுடுக்குப் போகிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை அறிவித்தார்கள். ஆட்களை மேலே அனுப்புவதுதான் கம்பெனியின் தொழில் என்பதால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே போகப்போவது ஆட்கள் இல்லை, கம்பெனியின் பேச்சு முழுவதும் என்பது பிறகுதான் விளங்கியது. போன், கடிதம், சுற்றறிக்கை, புகார், புகாருக்குப் பதில், பதிலுக்கு வருத்தம் எல்லாம் இனிமேல் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களில் இருக்கும். எங்கே என்று யாரோ கேட்டதற்கு மாற்றக் குழுத் தலைவர் கையை உயர்த்திக் கூரையைக் காட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே ஒழுகின தண்ணீர்க் கறைதான் தெரிந்தது.

மாற்றக் குழுத் தலைவருக்கு ஆபீசில் ஸ்லைடு சார் என்று பெயர். சுவரில் படம் ஓடாமல் அவருக்குப் பேச்சு வராது. ஒருமுறை கரண்ட் போனபோது பாதி வாக்கியத்தில் நின்றவர், கரண்ட் வந்த பிறகுதான் மீதியைச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பழைய லைன் எல்லாம் கட். ஆறு மணி ஒரு நிமிஷத்துல நாம எல்லாரும் மேல இருப்போம். ஸ்டாஃப் ஒவ்வொருத்தர் பேர்லயும் இருக்கற நம்பரை லிஸ்ட் எடுத்தாச்சு. ஒண்ணு கூட விடுபடாது" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஹலோக்கா மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஹலோக்கா அந்தக் கம்பெனியின் டெலிபோன் ஆப்பரேட்டர். இருபத்திரண்டு வருஷமாக வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஹலோ சொல்வதால் வந்த பெயர். அவள் மேஜையில் இரண்டு போன்கள் உண்டு. கறுப்புப் போன் ஆபீசுக்கு. சிவப்புப் போன் சிக்கிக்கொண்டவர்களுக்கு. ஊரில் அந்தக் கம்பெனி மாட்டிய லிஃப்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு பட்டன். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் அதை அழுத்துவார். ஹலோக்காவின் சிவப்புப் போன் மணியடிக்கும்.

அந்தப் போனுக்கென்று அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. கதவு திறக்கும்வரை லைனை வைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிக்கிக்கொண்ட ஒருவரிடம் "இதோ மெக்கானிக்கைக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு லைனை வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் எடுத்தபோது, அந்தப் பெரிய மனிதர் அம்மா அம்மா என்று தேம்பிக்கொண்டிருந்தார். அந்த அழுகை அவள் காதை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து கறுப்புப் போனில் மெக்கானிக்கைக் கூப்பிடுவாள். சிவப்புப் போன் மறு காதிலேயே இருக்கும். "பயப்படாதீங்க, நான் இருக்கேன். கதவு திறக்கற வரைக்கும் லைனை வைக்க மாட்டேன்" என்பாள். பிறகு, "இப்ப உங்க கையில என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்பாள். கையில் இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கை நடுங்குவது குறையும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

பயம் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவளே தொடை நடுங்கி. பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள். ஆனால் அன்று கூட்டம் முடிந்ததும், இதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். ஸ்லைடு சார் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், அந்த லிஸ்ட்ல சிவப்புப் போன் நம்பர் இல்ல."

"அது யார் பேர்ல இருக்கு?"

"யார் பேர்லயும் இல்ல சார். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க கூப்பிடற நம்பர்."

"மாட்டிக்கிட்டவங்க நம்ம ஸ்டாஃபா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஸ்டாஃப் லிஸ்ட்ல எப்படிம்மா வரும்?"

அவர் முகத்தில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. கணக்கு சரியாக வந்தவரின் நிம்மதிதான் இருந்தது. ஹலோக்கா, நானூற்றுப் பன்னிரண்டு லிஃப்டிலும் அந்த எண்ணை உள்ளே பதித்திருக்கிறது, மாற்ற வேண்டுமென்றால் மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், இருப்பதே ஆறு மெக்கானிக், வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்றெல்லாம் சொன்னாள்.

"கழற்றவே வேண்டாம். ஆப் இருக்கு" என்றார் ஸ்லைடு சார். "மாட்டின உடனே கஸ்டமர் நம்ம ஆப்பை டவுன்லோட் பண்ணி, பேர், மெயில் ஐடி எல்லாம் கொடுத்து, 'நான் சிக்கியிருக்கிறேன்'னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா போதும்."

"லிஃப்டுக்குள்ள சிக்னல் வராதே சார். இரும்புப் பெட்டி."

"அது கஸ்டமர் பக்கத்துப் பிரச்சினை. அதுக்கும் ஆப்லயே புகார் பண்ணலாம்."

ஹலோக்கா நகரவில்லை. அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, இதை எழுத்து மூலமா கொடுங்க. பேப்பர்ல இல்ல. புது சிஸ்டத்துல."

புது சிஸ்டத்துக்குள் நுழைய அவளுக்கு லாகின் வேண்டும். லாகின் வாங்கப் பதவி வேண்டும். ஆப்பரேட்டர் பதவி கிளவுடில் இல்லை. அங்கே போன் தானே பேசிக்கொள்ளும். அதனால் அவளுக்கு 'தகவல்தொடர்புத் தூதுவர்' என்று புதுப் பதவி கொடுத்திருந்தார்கள். அதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புதல் கடிதத்தை அவளுடைய லாகினுக்கு அனுப்பியிருந்தார்கள்.

புதன்கிழமை எச்.ஆர். மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேடத்தின் குரல் தேனில் ஊறியது. யாரையாவது வேலையை விட்டு அனுப்பும்போது இன்னும் இனிக்கும்.

"ஹலோக்கா, நீங்க பயப்படறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா மேடம். ரொம்பப் பயமா இருக்கு. அந்த நம்பர்..."

"பயம் இயற்கை. மாற்றம் வரும்போது எல்லாருக்கும் வரும். அதுக்குத்தான் நாளைக்கு பய நீக்கப் பயிற்சி வச்சிருக்கோம்."

வியாழக்கிழமை பயிற்சி நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் காகிதமும் ஒரு பலூனும் கொடுத்தார்கள். மனசில் உள்ள பயத்தைக் காகிதத்தில் எழுத வேண்டும், அதைப் பலூனில் கட்டி ஜன்னல் வழியாக விட்டுவிட வேண்டும், பயம் போய்விடும். கேஷியர் 'பாஸ்வேர்டு மறந்துவிடும்' என்று எழுதினார். ஹலோக்கா சின்ன எழுத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்: வெள்ளி ஆறு மணிக்கு மேல் சிவப்பு பட்டன் அமுக்கினால் யாரும் எடுக்க மாட்டார்கள், இருநூற்றி எட்டாம் நம்பர் லிஃப்ட் வாரம் ஒரு தடவை நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது, அங்கே ஆறாம் மாடியில் எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள்.

"விடுங்க, விட்டுடுங்க" என்று எச்.ஆர். மேடம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கம்பெனியில் அந்தக் குறையைப் பற்றி எழுதப்பட்ட ஒரே ஆவணம் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேலே போனது.

அந்த ஆறாம் மாடிப் பெண்ணை ஹலோக்கா நேரில் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையில் ஒரு ஷிப்ட் முடித்துவிட்டு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புவாள். நான்கு தடவை சிக்கியிருக்கிறாள். நான்கு தடவையும் ஹலோக்காவிடம் பேசியிருக்கிறாள். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு தடவை இரண்டு ஆரஞ்சு, ஒரு தடவை குட்டித் தொப்பிக்கு வாங்கின நூல்கண்டு. கடைசி தடவை, "கை வயித்து மேல இருக்கு அக்கா, உள்ள உதைக்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு இரண்டு பேர் வந்து மேஜையைக் காலி செய்தார்கள். சிவப்புப் போனின் வயரைப் பிடுங்கும்போது அது ஒரு தரம் சிணுங்கியது. யாரோ கூப்பிட்டார்களா, வயர் உரசியதா என்று தெரியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹலோக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை வரவேற்பு அறையில் சுவரளவு டிவி மாட்டியிருந்தது. பச்சை எழுத்தில், 'இன்று லிஃப்டில் சிக்கியவர்கள்: 0'. அதற்குக் கீழே, 'சனி: 0. ஞாயிறு: 0.' இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பத்துக்குக் குறைந்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு எம்.டி. அதன் முன் நின்று கேக் வெட்டினார்.

"இத்தனை வருஷமா நம்ம லிஃப்ட் ஏன் நின்னுச்சு? சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "புகார் பண்ண ஒரு நம்பர் இருந்துச்சு. அதான்! நம்பர் இருந்தா புகார் வரும். ஒரு பொம்பளை அங்க உட்கார்ந்து 'பயப்படாதீங்க, பயப்படாதீங்க'ன்னு சொல்லிச் சொல்லியே மாட்டறதைப் பழக்கமாக்கிட்டாங்க. மூணே நாள்ல கிளவுட் அதை நிறுத்திடுச்சு."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. ஹலோக்கா அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துகொண்டு சத்தம் வராமல் கத்துகிற முகம்போல அவளுக்கு அது தெரிந்தது. கொடுத்த கேக்கைக் காகிதத் தட்டோடு ஜன்னலில் வைத்துவிட்டு மெக்கானிக் அறைக்கு ஓடினாள்.

ஸ்பானர் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, கையில் எப்போதும் ஸ்பானர் இருப்பதால் அதுவே பெயராகிவிட்டது.

"என்னக்கா, வேலையே வரல. மூணு நாளா ஈ ஓட்டறேன்."

"தம்பி, வண்டியை எடு."

"எங்க?"

"நம்ம மக்கர் லிஃப்ட் எல்லாத்தையும் ஒரு சுத்து பார்த்துட்டு வரலாம். பதினோரு லிஃப்ட்தான். எனக்கு மனப்பாடம்."

ஸ்பானர் அவள் முகத்தைப் பார்த்தான். பேயறைந்தாற்போல் இருந்த முகத்திடம் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. போகிற வழியில் மட்டும், "மேல போச்சு மேல போச்சுங்கறாங்க. மேல போனது கீழ வந்தாத்தானே அக்கா லிஃப்ட்டு?" என்றான்.

முதல் இரண்டு கட்டடங்களில் ஒன்றுமில்லை. மூன்றாவது, இருநூற்றி எட்டு. மணி ஒன்றரை. எல்லா வீட்டிலும் ஆட்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவுகள் பூட்டிக் கிடந்தன. லிஃப்டின் கதவு மூடியிருந்தது, மேலே எண் விளக்கு நான்கிலும் இல்லாமல் ஐந்திலும் இல்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. ஹலோக்கா படியேறினாள். மூன்றாம் மாடியைத் தாண்டும்போது காதில் விழுந்தது. சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நிதானமாக, சுத்தமாக: நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை. தயவுசெய்து சரிபார்த்து மீண்டும் அழைக்கவும். பிறகு க்ளிக். பிறகு ஒரு பட்டன் அழுந்தும் ஓசை. பிறகு மறுபடியும் அதே குரல்.

நான்காம் மாடியில் ஸ்பானர் கம்பியைப் போட்டு நெம்பினான். கதவு இரண்டு அடி விலகியது. உள்ளே, தரையில், ஆறாம் மாடிப் பெண் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு கை வயிற்றின் மேல். மறு கை இன்னும் பட்டன் மேலேயே இருந்தது. ஒன்றரை மணி நேரமாக அமுக்கி அமுக்கி விரல் நுனி வெளிறிப்போயிருந்தது.

"பயப்படாதம்மா, நான் வந்துட்டேன்" என்றாள் ஹலோக்கா.

குரலை வைத்து அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். உதடு கோணியது. "நீங்க வைக்கவே மாட்டீங்களே அக்கா" என்றாள். "இவ ஒவ்வொரு தடவையும் வச்சுட்டா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டுத் தாயும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்றார். ஹலோக்கா அங்கிருந்து நேராக ஸ்லைடு சாரிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"திங்கள், பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை வரைக்கும். சம்பவம் பூஜ்யம். நீங்களே பாருங்க."

"சார், நான் கண்ணால பார்த்துட்டு வரேன்."

"உங்க கண்ணை இன்னும் சிஸ்டத்தோட இணைக்கலையே" என்று வருத்தத்தோடு சொன்னார். அதில் கேலி இல்லை. உண்மையாகவே அவருக்கு வருத்தம்தான். "அது இருக்கட்டும். மத்தியானம் முழுக்க உங்க பேருக்குப் பக்கத்துல புள்ளி சாம்பல் கலர்ல இருந்திருக்கு. இருக்கையில இருந்தா பச்சை. சொல்லாம போனா சாம்பல். எச்.ஆர்.லேர்ந்து மெமோ வரும். உங்க லாகின்ல பார்த்துக்குங்க."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கணவர் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "உனக்கெதுக்கு இந்த ஊர் வம்பு? அவங்களே நம்பர் வேணாம்னு தூக்கிப் போட்டுட்டாங்க. போட்டதை நீ என்ன பொறுக்கவா முடியும்?" என்றார்.

ஹலோக்கா நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்கு அப்படிப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை டெலிபோன் ஆபீஸ் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். அவள் சொன்ன சிவப்புப் போன் எண்ணைக் கவுன்டர் குமாஸ்தா கம்ப்யூட்டரில் பார்த்தார். "ஆமா, கம்பெனி வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. சும்மாதான் கிடக்கு. வேணுமா?"

படிவத்தில் 'எண் கோருவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். ஹலோக்கா 'பயம்' என்று எழுதினாள். குமாஸ்தா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பயம்னு போட்டா எடுத்துக்காதும்மா. வீட்டு உபயோகம்னு எழுதுங்க."

பத்து நிமிஷத்தில் எண் அவள் பெயருக்கு வந்துவிட்டது. அதற்கு வரும் அழைப்பெல்லாம் ஒரு பழைய பட்டன் செல்போனுக்கு வரும்படி செய்தும் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கதையில் கேட்ட காரியத்தை உடனே முடித்துக் கொடுத்தவர் அந்தக் குமாஸ்தா ஒருவர்தான். அவருடைய ஆபீசும் அடுத்த மாதம் கிளவுடுக்குப் போகிறதாம்.

படியிறங்குவதற்குள் போன் அடித்தது. நூற்று முப்பதாம் நம்பர் லிஃப்ட், பல் டாக்டர் கட்டடம், கையில் எக்ஸ்ரே கவர். நடைபாதையில் நின்றுகொண்டே பதினான்கு நிமிஷம் பேசினாள். மறு கையில் தன் சொந்த போனில் ஸ்பானரைக் கூப்பிட்டாள். கதவு திறந்த பிறகுதான் தான் வெயிலில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து கம்பெனியில் இரண்டு கம்பெனி நடந்தது. மேலே இருந்ததில் பூஜ்யம். கீழே இருந்ததில் ஒரு நாளைக்குப் பதினான்கு. ஆறு மெக்கானிக்குகளும் ஹலோக்கா சொன்ன இடத்துக்கு ஓடினார்கள்; சாயங்காலம் திரும்பி வந்து, வேலை எதுவும் வரவில்லை என்று சிஸ்டத்தில் பதிந்தார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு ஆசையில்லை. மெய்யைச் சொல்ல அதில் கட்டமில்லை.

ஹலோக்காவின் பயம் முன்பு ஆபீசோடு இருந்தது. இப்போது வீட்டுக்கே குடிவந்துவிட்டது. பாட்டரி போய்விடுமோ என்று பயம். சிக்னல் போய்விடுமோ என்று பயம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். குளிக்கப் போகும்போது பத்தாவது படிக்கும் மகள் குளியலறை வாசலில் போனோடு பாடப் புத்தகம் படிப்பாள். "அம்மா, அடிக்குது!" என்று அவள் கத்தினால் ஹலோக்கா சோப்பு நுரையோடு கையை நீட்டுவாள்.

"என் போனை ஒரு நாளாவது முதல் மணியில எடுத்திருக்கியா?" என்று கணவர் கேட்டார்.

"நீங்க லிஃப்ட்ல மாட்டிக்குங்க, எடுக்கறேன்" என்றாள்.

கெட்டதிலும் ஒரு நல்லது. ஆறாம் மாடிப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தியும் சிவப்பு பட்டன் வழியாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும்போது, லிஃப்ட் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கையிலேயே அமுக்கி, "அக்கா, இப்ப கையில பாப்பா இருக்கு" என்றாள்.

பூஜ்யத்தின் நூறாவது நாள் விழா வந்தது. ஆபீசின் ஐந்தாம் மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். எம்.டி. ஒருநாளும் லிஃப்டில் ஏற மாட்டார். உடற்பயிற்சி என்று சொல்லிப் படியில்தான் போவார். அன்று போட்டோ எடுக்க வேண்டும் என்று ஸ்லைடு சார் அவரைத் தனியாக லிஃப்டில் ஏற்றிவிட்டுப் படம் எடுத்தார். கதவு மூடியது. ஸ்லைடு சார் படியில் ஏறினார்.

ஹலோக்கா மூன்றாம் மாடிப் படியில் போய்க்கொண்டிருந்தபோது பட்டன் போன் அடித்தது.

"ஹலோ! யாராவது இருக்கீங்களா? யாராவது?"

அந்தக் குரலை அவள் இருபத்திரண்டு வருஷமாக அறிவாள். கறுப்புப் போனில் அது அவளிடம் "கனெக்ட்" என்ற ஒரே வார்த்தையைத்தான் பேசியிருக்கிறது. போன் எப்படி உன் கைக்கு வந்தது என்று ஒரு கேள்வி கேட்டால் வேலை போய்விடும். லைனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்துக்குள் மறுமுனையில் மூச்சு இரைக்கத் தொடங்கியது. அம்மா என்ற சொல் பாதி கேட்டது.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன். கதவு திறக்கற வரைக்கும் லைனை வைக்க மாட்டேன்" என்றாள். மறு கை ஸ்பானரை அழைத்துவிட்டது.

"எனக்கு மூடின இடம்னாலே ஆகாது... சின்ன வயசிலேர்ந்து... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க..."

"சொல்ல மாட்டேன். இப்ப உங்க கையில என்ன இருக்கு?"

"பேப்பர். பேச்சு எழுதின பேப்பர்."

"அதை மெதுவா வாசிங்க. நான் கேட்கறேன்."

எம்.டி. வாசித்தார். குரல் ஆட்டுக்குட்டிபோல நடுங்கியது. "பெருமைக்குரிய... ஊழியர்களே. நமது லிஃப்டுகளில்... இன்று... யாரும் சிக்குவதில்லை."

"ம், அப்புறம்?"

"அச்சம் என்பது... பழைய காலத்தின்... பழக்கம்."

"நிதானமா. மூச்சு விட்டு வாசிங்க."

பேச்சை இரண்டு தடவை முழுவதும் வாசித்தார். மூன்றாவது தடவை இரண்டாம் பத்தியில் இருக்கும்போது கதவு திறந்தது. ஸ்பானர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினான். ஹலோக்கா லைனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது விழா தொடங்கியிருந்தது. மேடைக்குப் பின்னால் சுவரில் பச்சை எழுத்தில் பூஜ்யம் ஆளுயரம் நின்றது.

எம்.டி. பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். முகம் துடைத்திருந்தார்.

"எழுதினதை வாசிக்கப் போறதில்ல. இப்பதான் நம்ம சிஸ்டத்தை நானே நேர்ல சோதிச்சுப் பார்த்தேன். வேணும்னே லிஃப்டை நிறுத்தி, வேணும்னே பட்டனை அமுக்கினேன்" என்றார். "கிளவுட் பேசுச்சு! எவ்வளவு அன்பா! 'நான் இருக்கேன்'னுச்சு. கையில என்ன இருக்குன்னு கேட்டுச்சு. என் பேச்சை ரெண்டு தடவை முழுசா கேட்டுச்சு. மனுஷங்க யாராவது கேட்பாங்களா? இந்த ஹால்ல இருக்கற யாராவது கேட்பீங்களா?"

யாரும் கேட்க மாட்டார்கள் என்பது ஹாலின் மௌனத்திலிருந்து தெரிந்தது.

"இப்படி ஒண்ணு இருக்கும்போது தூதுவர், ஆப்பரேட்டர்னு ஆளுங்க எதுக்கு? அந்தப் பதவியை இன்னையோட எடுத்துடறோம்."

எச்.ஆர். மேடம் தேன் குரலில் கைதட்டலைத் தொடங்கி வைத்தார். ஹலோக்காவுக்கு அழுகை வரவில்லை. வேலை போனதைவிட, நாளைக்கு மெக்கானிக்குகள் அவள் சொல்லைக் கேட்பார்களா என்ற பயம்தான் முதலில் வந்தது. அந்தப் பயம் முழுசாக வருவதற்குள் மடியில் பட்டன் போன் அடித்தது.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஒரு குழந்தை, ஏழெட்டு வயசு இருக்கும், விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது.

"யாரது? விழா நடக்குதில்ல?" எம்.டி. மைக்கில் இரைந்தார். "அந்தப் போனை முதல்ல வைங்க!"

ஹலோக்கா எழுந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் எம்.டி.க்கு எதிரில் அவள் எழுந்து நின்று பேசியதே இல்லை. இப்போதும் அவரிடம் பேசவில்லை.

"பயப்படாதடா கண்ணு" என்றாள் போனில். "நான் இருக்கேன். கதவு திறக்கற வரைக்கும் லைனை வைக்க மாட்டேன்."

மைக்கின் பக்கத்தில் எம்.டி.யின் வாய் திறந்தபடி நின்றது. அந்தக் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. பையிலிருந்த பேப்பரின் மேல் அவர் கை தானாகப் போனது. ஸ்லைடு சார் அவசர அவசரமாக அடுத்த படத்தைப் போட்டார். அதிலும் பூஜ்யம்தான் இருந்தது. வாசல் பக்கம் நின்றிருந்த ஸ்பானர் யாரிடமும் கேட்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எந்த லிஃப்ட் என்று கண்ணால் கேட்டான்.

ஹலோக்கா போன் திரையில் பார்த்த லிஃப்ட் எண்ணை அவனுக்கு விரலில் காட்டிவிட்டு, போனைக் காதோடு இறுக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே வெளியே நடந்தாள்.

"இப்ப உன் கையில என்ன இருக்கு, சொல்லு" என்றாள்.